காதர் மேஸ்திரி தோண்டிய பதினான்கு மூட்டுகள்

செய்தி முதலில் ஒரு படமாக வந்தது. எங்கள் குழாய் பதிக்கும் குழுவின் வாட்ஸாப்பில் காதர் மைதீனின் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு குழுப்படத்திலிருந்து எடுத்தது. அவருடைய இடது தோளில் யாரோ ஒருவரின் கை மட்டும் மிச்சமிருந்தது. கீழே, அவரோடு குழாய் பதிக்கும் செல்வம் ஒரே வரி எழுதியிருந்தார்: "நம்ம பாய் காலைல மௌத்தாயிட்டாரு." நான் அப்போது பழனி கிடங்கில் லாரியிலிருந்து இறங்கிய குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து எண்ணி முடித்து, சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்து மூன்று வயது. அதிகாலைத் தொழுகை முடித்து வந்து டீ கேட்டிருக்கிறார். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்துக் கிடங்கில் சிறிய நினைவுக் கூட்டம் வைப்பதாக முடிவானது. என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச வராது, எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள் என்றேன். "ஆமா, நீங்க எழுதுனா பாய்க்கே பயம்ல" என்றார் செல்வம். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் கூட்டத்துக்கு வருவார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

காதர் மைதீன் குழாய் இணைக்கும் மேஸ்திரி. பழனி மலையின் ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும், எளிதில் உடையாத டி.ஐ. இரும்புக் குழாய்களை எங்கள் ஒப்பந்ததாரருக்காகப் பதித்தவர். அதே ஒப்பந்ததாரரிடம் நான் தளப் பொறியாளராக நான்கு வருடங்களாக இருக்கிறேன். ஆடலூர்ப் பக்கம் என் ஊர். காப்பி பறிக்கும் வீட்டிலிருந்து வந்தவள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது காதர் பாய் ஏற்கெனவே அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஆள். அவர் எனக்கு ஆசிரியரும் அல்ல, மேலதிகாரியும் அல்ல. அவர் இணைக்கும் ஒவ்வொரு மூட்டையும் நான் பதிவேட்டில் எழுதவேண்டும். எங்களுக்குள் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

முதல் நாள் இதே கிடங்கில்தான் அவரைப் பார்த்தேன். நான் குழாய்களின் மேல் அச்சிட்டிருந்த எண்களைத் தொழிற்சாலைச் சான்றிதழோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சிறிய சுத்தியலால் ஒவ்வொரு குழாயையும் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். நல்ல குழாய் கோயில் மணிபோல ஒலிக்கும். விரிசல் விட்டதென்றால் சத்தம் அடைத்துப்போகும். "மேடம் தாளப் பாக்குறாங்க, நான் கொழாயப் பாக்குறேன். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா ஊருக்குத் தண்ணி" என்றார், என்னைப் பார்க்காமலே. பன்னிரண்டாவது குழாயைத் தட்டியவர் நின்றார். மறுபடி தட்டினார். "இதுக்குச் சளி புடிச்சிருக்கு. ஒதுக்குங்கடா" என்றார். நான்கு பேர் அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். வைத்த இடத்தில் அது கணீரென்று ஒலித்தது. முன்பு அதன் ஒரு பக்கம் ஈர மண்ணில் புதைந்து கிடந்திருக்கிறது. அதனால்தான் சத்தம் எழவில்லை. செல்வம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். காதர் பாய் இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "ம். இப்ப சளி எறங்கிருச்சு" என்று சொல்லி அடுத்த குழாய்க்குப் போனார்.

தப்பை ஒப்புக்கொள்வது அவருக்கு எளிதாக வந்ததில்லை. அதை ஒரு வேடிக்கையாக்கிக் கடந்துபோவார். பாராட்டுச் சொற்கள் மட்டும் இருக்கும் ஓர் அஞ்சலியில் இது பொருந்தாது என்று தெரியும். ஆனால் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

பழனி பஜாரில் அவருடைய அண்ணன் மலைவாழை மண்டி வைத்திருக்கிறார். பஞ்சாமிர்தக் கடைகளுக்குப் பழம் கொடுக்கும் குடும்பம். அந்த வியாபாரத்தில் இருக்கப் பிடிக்காமல் காதர் பாய் இளவயதிலேயே வெளிமாநிலத்தில் ஒரு குழாய்த் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். பதினோரு வருடம் வார்ப்பு எந்திரத்தில் வேலை. மலைப்பாதையில் லாரி நின்றுபோகும் நேரங்களில் அந்தக் கதையைத்தான் சொல்வார். இரும்பைக் காய்ச்சி, அதில் மக்னீசியம் சேர்ப்பார்களாம். சேர்க்கும்போது கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம் வரும். "பழைய வார்ப்பிரும்புக்குள்ள கரி எல எலயாக் கெடக்கும்மா. அடி விழுந்தா அந்த எல ஓரமாவே வெடிச்சு ஓடிரும். மக்னீசியம் போட்டா எல சுருண்டு உருண்ட உருண்டயாயிரும். அப்புறம் அடிச்சாலும் நெளியுமே தவிர ஒடையாது. ஆனா வெரசா ஊத்திரணும். நின்னு வேடிக்க பாத்தா மறுபடி எலயாயிரும்."

அந்தக் குழம்பை, படுக்கை வாட்டில் வேகமாகச் சுழலும் ஒரு எஃகு அச்சுக்குள் ஊற்றுவார்கள். சுழலும் வேகத்தில் இரும்பு அச்சின் சுவரோடு ஒட்டிக்கொண்டு குழாயாகிவிடும். இதைச் சொல்லும்போது அவர் டீ டம்ளரைச் சாய்த்துச் சுற்றிக் காட்டுவார். டீ சுவரில் ஏறும். சில சமயம் அவர் சட்டையிலும். சிவப்பாக வெளியே இழுத்த குழாயை மறுபடி உலையில் வைத்துப் பதமாக்கி, வெளியே துத்தநாகம் தெளித்து, தண்ணீர் அழுத்தத்தில் சோதித்து, உள்ளே சிமெண்டு பூசுவார்கள். அந்தச் சிமெண்டையும் குழாயைச் சுழற்றித்தான் ஒட்டவைப்பார்கள். "எல்லாமே சுத்துறதுலதான் இருக்கு" என்பார். உலையின் சூடு ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஏறும். "பாய், போன வாரம் சொன்னப்ப இம்புட்டுச் சூடு இல்லயே?" என்று செல்வம் கேட்பார். "போன வாரம் மழைடா, அதான் கொறச்சுச் சொன்னேன்" என்பார்.

இப்போது நான் சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

கவுஞ்சிக்கு மேலே ஒரு சிற்றூர். படிப்படியாக வெட்டிய நிலத்தில் கேரட், பூண்டு, பீன்ஸ் போடும் ஊர். ஊற்றிலிருந்து தண்ணீரைச் சரிவில் இறக்கி, ஊர்த் தொட்டிக்குக் கொண்டுவரும் வேலை. நடுவில் ஒரு விவசாயியின் தோட்டத்து வரப்பை வெட்டித்தான் குழாய் போகவேண்டும். வரப்பைத் திறந்தால் அன்றே மூடிவிடவேண்டும், மழை வந்தால் மேல்படி நிலம் சரிந்து கீழே வந்துவிடும் என்பது அவர் போட்ட நிபந்தனை. காலையில் திறந்துவிட்டோம். பிற்பகலில் சோப்பு தீர்ந்துவிட்டது.

இந்தச் சோப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு குழாயின் அகன்ற வாய்க்குள் ரப்பர் வளையம் ஒன்று உட்காரும். அடுத்த குழாயின் முனையை அதற்குள் கடப்பாரையால் நெம்பித் தள்ளவேண்டும். ரப்பரும் முனையும் வழுக்கினால்தான் உள்ளே போகும். அதற்காகத் தொழிற்சாலையிலிருந்தே வழுவழுப்பான ஒரு சோப்புக் குழம்பு டின்னில் வரும். புதிய டின்கள் வந்த லாரி, கீழே சாலையில் மண் சரிந்து நின்றுவிட்டது. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பதினான்கு மூட்டுகள் பாக்கி.

"ஜேசிபி கிரீசு கெடக்கு பாய், அதப் பூசுவமா?" என்றார் செல்வம்.

"ஏலே, குடிக்கிற தண்ணி வர்ற கொழாய்ல கிரீசா? ரப்பரு செத்துரும், தண்ணி நாறிரும். ஒம் புள்ளைக்குக் குடுப்பியா அத?"

அது சரியான பதில். அடுத்து அவர் செய்ததுதான் தப்பு. அண்ணன் மண்டியிலிருந்து, விற்க முடியாமல் கனிந்துபோன மலைவாழைப் பழம் ஒரு பெட்டி ஆட்களுக்குத் தின்னக் கொண்டுவந்திருந்தார். அதை உரித்துச் சோப்பு வாளியில் போட்டுப் பிசைந்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டார். விரலில் எடுத்து ரப்பரில் தடவினார். "திங்கிற பொருளு. இதுல என்ன கெடுதல் வந்துரப் போகுது?" என்றார். குழாய் வெண்ணெயில் போவதுபோல உள்ளே போனது. ஆட்கள் கைதட்டினார்கள். "பாய், பஞ்சாமிர்தப் பழத்துலயே வழி கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார் ஒருவர். இருட்டுவதற்கு முன்னால் பதினான்கு மூட்டுகளும் முடிந்து, பள்ளமும் மூடி, வரப்பும் கட்டியாகிவிட்டது. இரவு நல்ல மழை. வரப்பு நின்றது.

சோப்பு டின்னின் மூடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி உண்டு: கிருமிகள் தின்று வளரக்கூடிய எந்தப் பொருளையும் இதற்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது. அந்த வரியை நான் படித்திருந்தேன். வாளியில் அவர் கை பிசைந்துகொண்டிருந்தபோது அது எனக்கு நினைவிருந்தது. பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை. அன்று மாலை பதிவேட்டில், எப்போதும் 'சோப்பு' என்று எழுதும் கட்டத்தில், "சோப்பு தீர்ந்தது. மலைவாழைப்பழம். 14 மூட்டு" என்று எழுதினேன். அந்தப் பதிவேட்டை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அழுத்தச் சோதனை அன்று ஊரே வந்தது. குழாயின் இரு முனைகளையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றினோம். அழுத்தமானியின் ஊசி நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. நேரம் முடியும்வரை அசையவில்லை. "எங் கை வச்ச ஜாயிண்டு எதுவும் இன்னைக்கு வரைக்கும் ஒழுகுனதில்ல" என்று காதர் பாய் ஊர்க்காரர்களிடம் சொன்னார். அது உண்மை. அந்த ஒன்றை மட்டும் அவர் மிகைப்படுத்திச் சொல்லவேண்டிய தேவையே இருந்ததில்லை. மலையில் எந்த ஒப்பந்ததாரரும் அவரைத் தேடி வந்தது அந்தப் பெயருக்காகத்தான்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. குழாயைக் குளோரின் கலந்து கழுவி, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கிருமி இருக்கிறது என்று வந்தது. மறுபடி கழுவி அனுப்பினோம். மறுபடியும் அதே முடிவு. குடிநீர் வாரியத்தின் உதவிப் பொறியாளர் நேரில் வந்தார். தொட்டியடியில் எல்லோரும் நின்றோம்.

அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஊராட்சியில் பாண்டியம்மாள் என்ற பெண்ணை இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் நியமித்திருந்தார்கள். பீன்ஸ் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். அந்த ஊரில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த முதல் ஊராட்சி வேலை. அது தன் சொந்தக்காரருக்குப் போகவேண்டியது என்று நினைத்தவர்களும் அங்கே நின்றார்கள்.

"தொட்டியச் சரியாக் கழுவல. வேற ஆளப் போட்டாத்தான் சரிவரும்" என்றார் அவர்களில் ஒருவர்.

"ரெண்டு தரம் பிளீச்சிங் போட்டுத் தேச்சிருக்கேன் சார்" என்று பாண்டியம்மாள் கைகளை நீட்டினார். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. "வாசன தொட்டியில இல்ல சார், கொழாயில வருது. காலைல தொறந்த ஒடனே விழுகுற தண்ணிய மோந்து பாருங்க."

"என்ன வாசனம்மா?" என்றார் உதவிப் பொறியாளர்.

"பழம் புளிச்ச வாசன சார்."

"அடிவாரத்துல இருந்து பஞ்சாமிர்தம் ஏறி வருது போல" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காதர் பாயும் சிரித்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு அவர் சொன்னார்: "தொட்டியில பாசி இருந்தாலும் அப்பிடி வாசன வரும் சார்."

பாண்டியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதிரி எடுக்க உதவிப் பொறியாளர் நான்கு நாள் கெடு கொடுத்தார். அதிலும் கிருமி வந்தால் தொட்டிக்கு வேறு ஆள் என்று முடிவானது.

அன்று மாலை நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எப்ப எழுதுனீங்க?"

"அன்னைக்கே பாய்."

"அன்னைக்கே தெரியுமா?"

டின் மூடியில் இருந்த வரியைச் சொன்னேன்.

"அப்பவே வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

அவர் கோபம் நியாயமானது.

"பதினாலு ஜாயிண்டு" என்றார். "ஊசி அசையல. நீங்களே பாத்தீக. ஒழுகாத ஜாயிண்ட நானே தோண்டிப் பிரிச்சேன்னா, நாளைக்கு எவன் என்னையக் கூப்புடுவான்? காதர் வாழப்பழத்தத் தடவுனான்னு மலை பூரா சிரிக்க மாட்டானுங்க?" கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அந்தம்மா வேலையும் போகாது. நாம நாலு தரம் நல்லாக் கழுவி விட்டாச் சரியாப் போயிரும். இந்த ஒரு பக்கத்த மட்டும் கிழிச்சிருவோமே. யாருக்குத் தெரியப் போகுது?"

நான் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. பதிவேட்டை வாங்கிக்கொண்டு போய், ஊரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையின் மேசையில் வைத்து, அறையைப் பூட்டிவிட்டு, நான் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று அவரிடம்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. கீழ்ப்பகுதியில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. வெட்டிய குழாயின் முனையை அரத்தால் மழுக்கவேண்டும், இல்லாவிட்டால் அது ரப்பரைக் கிழித்துவிடும். பத்து நிமிடத்தில் முடிகிற வேலையை அவர் ஒரு மணி நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் நான்கடி தள்ளித்தான் நிற்பேன். "ஏலே செல்வம், எழுதுற மேடத்துக்கிட்டச் சொல்லு, ரெண்டு ரப்பர் வளையம் எடுத்துத் தரணும்னு" என்பார். செல்வம் என் பக்கம் திரும்பி அதையே சொல்லுவார். நான் வளையத்தைச் செல்வம் கையில் கொடுப்பேன். "நல்லாருக்குங்க ஒங்க சண்ட. எனக்குத்தான் கழுத்து வலிக்குது" என்றார் செல்வம். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் வெள்ளனே எழுந்து வெளியே வந்தபோது வரப்புப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பனிமூட்டத்தில் ஆட்கள் தெரியவில்லை. காதர் பாயின் குரல் மட்டும் வந்தது. "மெதுவா வெட்டுங்கடா. கொழா மேல போட்டீங்கன்னா பூச்சு போயிரும்." உதவிப் பொறியாளர் தோண்டச் சொல்லவில்லை. ஒப்பந்ததாரரும் சொல்லவில்லை. தோட்டக்காரரை முந்தின நாளே பார்த்து, வரப்பை மறுபடி தானே கட்டித் தருவதாகச் சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார். ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, சங்கிலிப் புல்லியைப் போட்டு முதல் குழாயைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். போடும்போது வழுக்கிக்கொண்டு போன குழாய் எடுக்கும்போது அசைய மறுத்தது. முக்கால் மணி நேரம் ஆனது. ரப்பர் வளையத்தை வெளியே எடுத்தார். அதன் பின்பக்கமும், அது உட்கார்ந்திருந்த பள்ளமும் கருஞ்சாந்து அப்பியதுபோல இருந்தன. வாசனை எனக்கே எட்டியது.

வால்வைத் திறக்கப் பாண்டியம்மாள் அந்த வழியாக வந்தார்.

"ஏத்தா பாண்டியம்மா, இங்கிட்டு வாங்க" என்று காதர் பாய் கூப்பிட்டார். வளையத்தை நீட்டினார். "இந்த வாசனதானா?"

பாண்டியம்மாள் குனிந்து மோந்து பார்த்தார். "இதேதான்."

"ஒங்க தொட்டி சுத்தம்த்தா. அழுக்கு எங் கையிலதான் இருந்துச்சு."

பாண்டியம்மாள் நெகிழ்ந்துவிடவில்லை. குளிருக்குப் போட்டிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி பாசின்னு சொன்னீங்க. இப்ப எங் காதுக்குள்ள சொல்றீங்க" என்றார்.

"அந்த அம்புட்டுப் பேரையும் பத்து மணிக்கு வரச் சொல்லிருக்கேன்" என்றார் காதர் பாய்.

பத்து மணிக்கு வந்தார்கள். காதர் பாய் வளையத்தைக் காட்டி, வாழைப்பழம் தடவியதைத் தன் வாயாலேயே சொன்னார். சிரித்தார்கள். மலை பூரா சிரிக்கும் என்று அவர் சொன்னது சரிதான். உதவிப் பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "இதெல்லாம் நடக்குறப்ப சைட் இன்ஜினியர் எங்க போயிருந்தாங்க?" என்று கேட்டார்.

"அங்கயேதான் இருந்தேன் சார். பாத்தேன். சொல்லல" என்றேன்.

"அவுங்க எழுதிட்டாங்க சார்" என்றார் காதர் பாய். "எங்களுக்குத்தான் படிக்கத் தெரியல."

பதினான்கு மூட்டுகளையும் பிரித்துக் கழுவி, புது வளையம் போட்டு, சோப்புத் தடவி மறுபடி இணைக்க நான்கு நாள் ஆனது. கெடு முடிந்த பிறகுதான் மாதிரி எடுக்க முடிந்தது. உதவிப் பொறியாளர் பொறுத்துக்கொண்டார். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. பாண்டியம்மாள் இன்றும் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் காதர் பாய் இறந்ததைத் தொலைபேசியில் சொன்னேன். "பத்து மணிக்குச் சொன்ன மனுசன்" என்றார்.

அதன்பிறகு நாங்கள் நெருங்கிப் பழகினோம் என்று சொல்லமாட்டேன். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. புதிதாக எதையாவது செய்யும்போது மட்டும் திரும்பி, "மேடம், இத எழுதிட்டீங்களா? இல்ல, எழுதுற மாதிரி இருந்தா இப்பவே வாயாலயும் ஒரு தரம் சொல்லிருங்க" என்பார். நான் சொல்வேன். சில சமயம் ஒப்புக்கொள்வார், சில சமயம் சண்டை போடுவார். "ஒழுகாம இருக்குறது பாதிச் சோலிதான்" என்று புது ஆட்களிடம் சொல்லி, வாழைப்பழக் கதையைத் தானே ஆரம்பிப்பார். உலையின் சூடு ஏறிய அளவுக்கு அந்தக் கதையில் எதுவும் ஏறவில்லை. எப்போது சொன்னாலும் பதினான்கு மூட்டுதான்.

துக்கம் கேட்கப் போனபோது, இதை எழுதலாமா என்று அவருடைய மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தாராளமா எழுதுங்க. அவுகளே வாரவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான இருந்தாக. இப்ப நாம மறச்சு என்ன ஆகப் போகுது?" என்றார்.

ஆனால் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. நானும் இதுவரை சொன்னதில்லை.

தோண்டிய அன்று காலை, பிரித்த மூட்டுகளைக் குறித்துக்கொள்ளப் பதிவேட்டை எடுக்க அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. திறந்தேன். நான் மூடி வைத்துவிட்டுப் போன பதிவேடு மேசையில் திறந்து கிடந்தது, அந்தப் பக்கத்தில். அதன்மேல் அவருடைய கண்ணாடி இருந்தது. பக்கத்தில் ஒரு டீ டம்ளர், அடியில் டீ காய்ந்து ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. நான் கண்ணாடியை மடித்துக் கொண்டுபோய்ச் செல்வத்திடம் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொன்னேன். எங்கே கிடந்தது என்று காதர் பாய் கேட்கவில்லை.

எல்லோரும் அவர் தோண்டிய காலையை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவரை நினைக்கும்போது என்னிடம் இருப்பது அதற்கு முந்தைய இரண்டு நாட்கள். அவருக்கு அந்தப் பக்கத்தைக் கிழிக்கவேண்டும் என்று இருந்தது. அறைக்குச் சாவி இருந்தது. தடுக்க யாரும் இல்லை, நான் வாய் திறக்கக்கூடியவளும் இல்லை. பக்கம் அப்படியே இருந்தது.